பவுனம்மாவின் காற்று

முடிச்சு நாள் நெருங்கினாலே ஏகாம்பரத்துக்கு முழங்கால் வலிக்கத் தொடங்கிவிடும். வலிக்காமல் என்ன செய்யும்? நிலவறையின் சந்து ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி, கதவு கதவாகத் தட்டி, காலில் விழாத குறையாகக் கெஞ்சுவதுதான் அவர் உத்தியோகம். முடிச்சுக்காரர் என்று பெயர். கேட்டால் பெரிய பதவி போல இருக்கும். நிலாவில் உடம்பு பஞ்சு மாதிரி மிதக்கும் என்று பூமியில் இருப்பவர்கள் பேசிக்கொள்வார்களாம். அறுபதைத் தாண்டிய முழங்காலைக் கேட்டால் அல்லவா தெரியும்!

அன்று மூன்றாம் சந்தில் வேலை. ஒரு வீட்டில் கிழவர் ஒருவருக்கு இதயம் பலவீனம். வரும் முடிச்சு நாளைக் கடக்க அவருக்குக் கொஞ்சம் கூடுதல் காற்று வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாள் விட்டுக்கொடுத்தால் ஆச்சு.

"எங்க மடையில குறைச்சுக்கணும்கிறீங்க, அதானே? எவ்வளவு நாளைக்கு?" என்றாள் அந்த அம்மாள்.

"இந்த ஒரு தடவைதாம்மா" என்றார் ஏகாம்பரம்.

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். அவர் மடைச்சாவியை எடுத்து, சுவரில் இருந்த காற்றுமடையின் சக்கரத்தை முடிச்சு நாளுக்கு உரிய பல்லில் வைத்து ஒரு திருகு திருகினார். வேலை முடிந்தது. நெஞ்சுக்குள் வழக்கமாக ஒட்டிக்கொள்ளும் கசப்பும் ஒட்டிக்கொண்டது.

சந்தின் கடைசி வீட்டு வாசலில் ஒரு பெண் அம்மிக்கல்லைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நிலாப்பாறையில் கொத்திய கல்.

"என்னம்மா, முடிச்சு நாளைக்கு விருந்தா? என்ன அரைக்கப் போறே?"

"ஒண்ணும் இல்லீங்க. வெறுங்கல்லுதான். மணி அடிச்சதுல இருந்து மறுமணி வரைக்கும் வீட்டுல யாராவது ஒருத்தர் அரைச்சுக்கிட்டே இருக்கணும். எங்க மாமியார் அரைச்சாங்க, அவங்க மாமியாரும் அரைச்சாங்க. இந்த வீட்டு வழக்கம்."

"எதுக்காம்?"

"யாருக்குத் தெரியும்?" என்று சிரித்தாள். ஏகாம்பரமும் சிரித்துவைத்தார். நின்று யோசிக்க அவருக்கு நேரம் இல்லை. அடுத்த சந்து காத்திருந்தது.

இந்த முடிச்சு விவகாரத்தைப் புரிந்துகொள்ள ஊரின் காற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நிலவறை என்பது நிலாவின் தரைக்கு அடியில், என்றோ எரிமலைக்குழம்பு ஓடிய குகைக்குள் இருக்கும் ஊர். அங்கே காற்று சும்மா வராது. பாறை உலையில் பாறையைக் காய்ச்சி, அதற்குள் அடைபட்டிருக்கும் பிராணவாயுவைக் கறந்தெடுக்க வேண்டும். உலை மகா சோம்பேறி. இன்று கேட்டால் அடுத்த வருடம்தான் தரும். ஆகவே ஊர் இனி எவ்வளவு மூச்சு விடும் என்பது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். இன்று, நாளை, நாளை மறுநாள் என்று அது முடிவே இல்லாத கூட்டல். ஆதியில் வந்தவர்கள் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். கூட்டிக்கொண்டு இருக்கும்போதே ஒரு வருடம் காற்று தீர்ந்துவிட்டது. அதைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை.

அதற்குப் பிறகு கட்டியதுதான் முடிவிலிக் கூட்டி என்ற கணக்கு இயந்திரம். அதன் சூட்சுமம் பழைய கணிதம். பூமியில் ஃபூரியே என்ற பிரெஞ்சுக்காரர் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டபோது கண்ட வழி. திரும்பத் திரும்ப வரும் எதையும் அலைகளாகப் பிரித்துவிடலாம். வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலை ஒன்று, இருமுறை ஏறி இறங்குவது ஒன்று, மும்முறை ஏறி இறங்குவது ஒன்று. இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். அத்தனையையும் கூட்டினால் பழைய வடிவமே திரும்பக் கிடைக்கும். அப்படியானால் முடிவில்லாததை உட்கார்ந்து கூட்டுவானேன்? வடிவத்தின் மேல் ஏதாவது ஒரு புள்ளியில் நின்று உயரத்தைப் பார்த்தால் போதாதா? அதுதானே கூட்டலின் விடை! பானையில் எத்தனை அரிசி என்று எண்ணாமல் மட்டத்தைப் பார்ப்பது போலத்தான். கூட்டி நின்று மட்டம் பார்க்கும் அந்தப் புள்ளிக்குப் பெயர் முடிச்சு நாள். வருடத்தின் கடைசி நுனியை அதன் முதல் நுனியோடு பூச்சரம் போலச் சேர்த்துக் கட்டும் நாள்.

இரண்டு நுனியும் ஒரே மட்டத்தில் சேர்ந்தால் அலைகள் சமர்த்தாக ஒடுங்கும். முதல் அலை ஒரு பங்கு, அடுத்தது நாலில் ஒரு பங்கு, அதற்கடுத்தது ஒன்பதில் ஒரு பங்கு. காலம் உள்ளவரை கூட்டினாலும் மொத்தம் ஒன்றே முக்காலைத் தொடாது. உலை தாங்கும். சேராவிட்டால்தான் வினை. பாதி, மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று என்று அலைகள் இழுத்துக்கொண்டே போகும். அந்தக் கூட்டலுக்கு எல்லை கிடையாது. அப்போது கூட்டி கோபப்படாது, எச்சரிக்காது. இரண்டு நுனிக்கும் நடுவில் ஒரு மட்டத்தைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். நடு என்பது யாருக்கும் உதவாத இடம். ஐந்தாம் சந்தில் ஒருமுறை முடிச்சு சேரவில்லை. ஐந்தாம் சந்து இப்போது சாமான் கிடங்கு.

அதனால் முடிச்சு நாளில் மணி அடித்ததும் வீட்டுக் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். மறுமணி வரை யாரும் வெளியே வர முடியாது. பொதுக் கிடங்கு மூடியிருக்கும், ஆஸ்பத்திரிக் காற்றுக்குப்பி கூடாது. ஒரு வீட்டுக்கு ஒரு மடை. போன முடிச்சு நாளில் அந்த மடை எவ்வளவு விட்டதோ அவ்வளவுதான் இந்த முடிச்சு நாளிலும் விடும். விட்டதை முழுக்க இழுத்தாக வேண்டும். மற்ற நாட்களில் கூடக்குறைய இருந்தால் கிடங்கு சரிக்கட்டிக்கொள்ளும். அன்று ஒரு நாள் மட்டும் எதுவும் ஓடாது.

கட்டியவர்களும் மனிதர்கள்தானே, கொஞ்சம் இரக்கம் வைத்திருந்தார்கள். விட்டுக்கொடுப்பு என்று பெயர். சந்தின் மொத்தம் மாறாமல் ஒரு வீடு குறைத்துக்கொண்டு இன்னொரு வீட்டுக்குக் கூட்டிக்கொடுக்கலாம். ஆனால் ஒரு மடைக்கு, அது இருக்கும் காலம் முழுக்க, ஒரே ஒரு திருகல். தைத்த இடத்தில் மறுபடி தைத்தால் துணி கிழிந்துவிடும். திருகியது திருகியதுதான். கூட்டிக்கு 'ஒரு தடவை' என்ற பேச்சே தெரியாது. ஒரு முடிச்சு நாளில் நடந்தது, அதன் கணக்கில், எல்லா முடிச்சு நாளிலும் நடக்கும்.

இதெல்லாம் தெரிந்துதான் ஏகாம்பரம் வீடு வீடாகப் போய் "இந்த ஒரு தடவைதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேறு எப்படிச் சொல்வது? 'உன் பேரன் பேத்தி காலத்துக்கும் மூச்சைக் குறைத்துக்கொள்' என்று கேட்டால் எவர் கொடுப்பார்?

ஏழாம் சந்தின் கடைசி வீடு அவருடையது. கதவைத் திறப்பதற்கு முன்பே இருமல் கேட்டது.

பவுனம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். காற்றுக்குப்பியின் மூடி மூக்கில் இருந்தது. இருபது வயதில் உலை வாயில் பாறைத்தூள் சலிக்கப் போனவள். ஊருக்கெல்லாம் காற்று கொடுத்த நெஞ்சு அது. இப்போது அதற்கே காற்று போதவில்லை. அவரைக் கண்டதும் மூடியைக் கழற்றினாள்.

"வந்துட்டீங்களா, ஊருக்கெல்லாம் முடிச்சுப் போட்டுட்டு?"

"மூடியைப் போடு பவுனு. பேசாதே."

"பேசாம இருந்தா மட்டும் குப்பி நாளைக்கு மறுநாள் வந்துடுமா?" என்றாள்.

நாளை மறுநாள் முடிச்சு நாள். குப்பி வராது. அவர்கள் மடை இரண்டு பேருக்கு உரியதை விடும். போன வருடம் அது போதும் என்று இருந்தது, ஏனென்றால் போன வருடம் பவுனம்மா சமையல் செய்தாள், சண்டை போட்டாள், சந்துப் படி ஏறினாள். இப்போது அவள் ஒருத்திக்கே இரண்டு ஆள் காற்று வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்று ஒரு பொழுதைக் குப்பியில்லாமல் அவள் தாண்டமாட்டாள். அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "சந்துல கேட்கப் போறேன்."

"வேணாங்க."

"வேணாம்னா என்ன அர்த்தம்?"

"வேணாம்னா வேணாம்தான். ஒரு வீடு குறைச்சாப் பத்தாது, சந்து முழுக்கக் குறைக்கணும். அத்தனை பேரும் அன்னைக்குப் பூராப் பொணம் மாதிரி மல்லாந்து கிடக்கணும். பக்கத்து வீட்டு பிலோமினா பிள்ளைங்க ரெண்டும் குரங்குக்குட்டிங்க. அதுங்களைக் கட்டியா போடுவா அவ?" அவளுக்கு மூச்சு வாங்கியது. கையமர்த்திவிட்டு மறுபடி தொடங்கினாள். "சரி, கொடுக்கறாங்கன்னே வைங்க. நான் இன்னும் எத்தனை நாளைக்கு? நான் போனப்புறமும் வருசா வருசம் அந்தக் காத்து இந்த வீட்டுக்கு வரும்ல? அதை யாரு இழுக்கறது?"

முடிச்சுக்காரரின் மனைவி அல்லவா, தொழில் தெரிந்துதான் கேட்டாள்.

"அதை அப்ப பாத்துக்கலாம்" என்றார் ஏகாம்பரம்.

"எப்ப?"

"அப்ப. இப்ப நீ எனக்கு வேணும், அவ்வளவுதான். நீ இல்லாத வீட்டுல நான் என்னத்தடி பண்ணுவேன்? சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கவா?"   பவுனம்மா மூடியை எடுத்து மறுபடி மூக்கில் வைத்துக்கொண்டாள்.

எத்தனையோ பேருக்காக எத்தனையோ கதவைத் தட்டியவர்தான். அடுத்த வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்றபோது கை எழவில்லை. ஊருக்காகக் கேட்கும்போது வாய் தாராளமாக வரும். தனக்காகக் கேட்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பிலோமினாவே கதவைத் திறந்துவிட்டாள். பாசிச் சமையற்கூடத்தில் வேலை செய்பவள். எத்தனை கழுவினாலும் விரல் நுனியில் பச்சை போகாது.

"என்னண்ணே, அங்கயே நிக்கறீங்க? அக்காவுக்கு எப்படி இருக்கு?"

அவர் சொன்னார். எப்படிச் சொன்னார் என்று பிற்பாடு யோசித்தால் அவருக்கே நினைவில்லை. உள்ளே பிள்ளைகள் இரண்டும் கட்டிலிலிருந்து கூரைக்குத் தாவி, கூரையைத் தொட்டுவிட்டு மெல்ல மிதந்து இறங்கிக்கொண்டிருந்தன.

"மணி அடிச்சதுல இருந்து மறுமணி வரைக்கும் படுத்தே கிடக்கணுமா?" என்றாள் பிலோமினா, பிள்ளைகளைப் பார்த்தபடி.

"ஆமாம்மா. சமைக்கக்கூடாது, எழுந்து நடக்கக்கூடாது, அதிகம் பேசக்கூடாது." பிறகு, பழகிய வாய், அதுவாகவே சொல்லிவிட்டது. "இந்த ஒரு தடவைதான்."

அவள் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரிண்ணே. திருகிட்டுப் போங்க."

மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டன. எதிர் வீட்டுச் சுடலைமுத்துதான் மல்லுக்கு நின்றார். அவர் தவுல்காரர். முடிச்சு நாளில் கதவு பூட்டிக்கொண்டதும் தொடங்கி நாள் முழுக்க வாசிப்பார். அடுத்த சந்து வரை பாறைக்குள் அதிரும்.

"என்னய்யா விளையாடுறியா? நான் அன்னைக்குக் கைய மடக்கிக்கிட்டுப் படுக்கணுமா? அதை விடு. என் மருமக முழுகாம இருக்கா. நாளப்பின்ன அவளுக்கு ஒண்ணுன்னா என் மடையிலதானே கைவைக்கணும்? இருக்கறது ஒரே ஒரு திருகல். அதையும் உனக்குக் கொடுத்துட்டு நான் வாயில விரலை வச்சுக்கிட்டு நிக்கவா?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. ஏகாம்பரம் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். அந்த நேரம் பார்த்துக் கடைசி வீட்டில் இருமல் எடுத்தது. எடுத்தது நிற்கவில்லை. இழுத்து, அடைத்து, மறுபடி இழுத்து, ஒரு கட்டத்தில் சத்தமே இல்லாமல் போய், இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். பிறகு மெல்ல ஒரு மூச்சு கேட்டது.

"ச்சே!" என்றார் சுடலைமுத்து. "எடுய்யா உன் சாவியை. சீக்கிரம் திருகித் தொலை. என் மனசு மாறிடப் போகுது."

"இந்த ஒரு தடவை..." என்று தொடங்கினார் ஏகாம்பரம்.

"போதும், வாயை மூடு" என்றார் சுடலைமுத்து.

முடிச்சு நாளன்று மணி அடித்தது. கதவுகள் பூட்டிக்கொண்டன. ஏழாம் சந்தில் எல்லாரும் பாயை விரித்துப் படுத்தார்கள். கடைசி வீட்டு மடையிலிருந்து காற்று உஸ்ஸென்று இறங்கியது. ஏகாம்பரம் தாமும் தரையில் அசையாமல் படுத்துக்கொண்டு மனைவியின் மார்பையே பார்த்திருந்தார். அது மேலே போயிற்று, கீழே வந்தது. நின்று நின்று வந்தது, ஆனால் வந்தது. இந்த உலகத்தில் அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பாறைக்குள்ளிருந்து மற்ற சந்துகளின் பாட்டும் சிரிப்பும் மங்கலாகக் கசிந்தன. ஏழாம் சந்தில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. ஒரே ஒருமுறை பிலோமினா வீட்டில் ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்தியது போல நின்றது.

"கேட்குதா?" என்றாள் பவுனம்மா மெதுவாக.

"என்னது?"

"ஒண்ணுமே கேட்கல. அதான் சொல்றேன். இத்தனை வருசத்துல இந்தச் சந்து இப்படி இருந்ததே இல்ல. என் மூச்சு ஒண்ணுதான் சத்தம். வெட்கமா இருக்குங்க."

அவர் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மறுமணி அடிக்கும் வரை விடவில்லை. மணி அடித்ததும் முதலில் எழுந்து ஓடியது பிலோமினாவின் பிள்ளைகள்தான். சந்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, தாவித் தாவி, காரணமே இல்லாமல் கத்திக்கொண்டு ஓடின. பவுனம்மா அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

கூட்டி மட்டம் பார்த்தது. இரண்டு நுனியும் பிசகில்லாமல் சேர்ந்திருந்தன. ஏழாம் சந்து நல்ல சந்து என்று அதன் கணக்கில் ஏறியது.

அதற்குப் பிறகு பவுனம்மா பயறுப் பாத்தி இரண்டு முறை காய்க்கும் வரை இருந்தாள். ஒருநாள், உங்களுக்கு உப்பு போடவே தெரியாதா என்று கஞ்சியைப் பழித்துவிட்டுக் கண்ணயர்ந்தவள் எழவில்லை. சாதாரண நாள்தான். பக்கத்தில் நிறைந்த குப்பி இருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு, குடியிருப்பு அலுவலர்கள் வந்தார்கள். ஒற்றை ஆளுக்கு எதற்கு இத்தனை இடம், ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளலாமே என்றார்கள். ஏகாம்பரம் மறுக்கவில்லை. வந்து பார்த்தவர்கள்தான் மடைச் சக்கரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். முடிச்சு நாளில் அந்த வீட்டுக்கு மூன்று ஆள் காற்று வரும். அதிலும் இரண்டு, நாள் முழுக்கத் திணறித் திணறி இழுத்த ஒருத்தியின் மூச்சு. அதை வருடா வருடம் இழுத்துத் தீர்க்க யாருக்குத் தலையெழுத்து? ஒரு விளக்கைக் கொளுத்தி வைத்தால் அது தின்றுவிடும்தான். ஆனால் நிலவறையில் நெருப்பைப் பற்றி நினைப்பதே குற்றம்.

அந்த வருடம் அவர் வேலைக்குப் போய்க் கதவுகளைத் தட்டினார். கேட்டார். ஆனால் அந்தப் பழைய வாக்கியம் வாயில் வரவில்லை. என்றைக்கும் என்று சொல்லவும் துணிவில்லை. சும்மா நின்றார். சிலர் கொடுத்தார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள்.

முடிச்சு நாள் வந்தது. மணி அடித்தது. கதவு பூட்டியது. சந்து முழுக்கப் பாயை விரித்துப் படுக்கும் சரசரப்பு கேட்டது. பிறகு அதுவும் இல்லை. சுடலைமுத்து வீட்டில் கைக்குழந்தை ஒன்று சிணுங்கியது. குழந்தையை அசையாமல் படுக்க வைக்க முடியாது என்பதால், அந்த வீட்டில் மற்ற மூன்று பேரும் இன்னும் அதிகமாக அசையாமல் கிடக்க வேண்டும்.

காலியான கட்டிலின் மேல் காற்று உஸ்ஸென்று இறங்கியது. யாருக்காகக் கெஞ்சி வாங்கினாரோ அவள் இல்லை. கொடுத்தவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் குறை மூச்சோடு கிடக்கிறார்கள். இவர் ஒருவருக்கு மூன்று ஆள் காற்று கொட்டுகிறது. ஒரு கைப்பிடியாவது அந்தப் பக்கம் அள்ளிப் போட வழி உண்டா? கதவு பூட்டியிருக்கிறது, மடை திருகியாயிற்று.

சுவரில் இருந்த சந்து முள் நடுங்கிக் கொஞ்சம் இறங்கியது. ஒவ்வொரு வீட்டிலும் அதே முள் உண்டு. சந்தின் மொத்த மூச்சை அது காட்டும். அது கோட்டுக்குக் கீழே போனால் முடிச்சு சேராது.

ஏகாம்பரம் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிக்கத் தொடங்கினார்.

முதல் குதியிலேயே தலை கூரையில் இடித்தது. நிலாவில் குதிப்பது சுலபம், அதனால்தான் கஷ்டம். உடம்புக்கு வேலையே வராது, மூச்சு வாங்காது. ஆகவே கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துத் தூக்கினார், இறக்கினார். சுவரை இரண்டு கையாலும் தள்ளினார். கையை வீசிக் காலை உதைத்து ஆடினார். பெண்டாட்டி செத்த வருடமே வீட்டுக்குள் கூத்தாடும் கிழவன்! பூமியில் யாராவது பார்த்தால் காறித் துப்புவார்கள். முள் ஏறியது. அவர் நின்றால் அதுவும் இறங்கியது. மறுபடி ஆடினார்.

வெகு நேரம் கழித்துக் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். காதுக்குள் இரத்தம் இரைந்தது. அந்த இரைச்சல் அடங்கியபோது பாறைக்குள்ளிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. கரகரவென்று, விட்டு விட்டு, கல்லைக் கல் தேய்க்கும் சத்தம். மூன்றாம் சந்து. வெறும் அம்மியை யாரோ அரைத்துக்கொண்டிருந்தார்கள். மாமியாரின் மாமியார் காலத்திலிருந்து, யாருக்கோ வந்த காற்றை, அது யார் என்றே தெரியாமல் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவருக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஆனால் தெரிவது வேறு, உறைப்பது வேறு. அவர் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதார்.

எதிர் வீட்டிலிருந்து டொக், டொக் என்று தரையில் விரல் தட்டும் ஒலி வந்தது. சுடலைமுத்து. கையைத் தூக்கி வாசிக்க அந்த வீட்டில் காற்று இல்லை. படுத்தபடி ஒரே ஒரு விரலால் தாளம் போட்டார். ஆடு என்று அர்த்தம்.

பக்கத்துச் சுவரிலிருந்து பிலோமினாவின் குரல் தாழ்ந்து வந்தது. "அண்ணே. முள்ளு இறங்குது."

"தெரியும்மா. ஒரு நிமிசம்." பிறகு அவரால் அடக்க முடியவில்லை. "பொய் சொல்லிட்டேம்மா. ஒரு தடவைதான்னு சொன்னேனே, அது பொய். உன் பிள்ளைங்க, அதுங்களோட பிள்ளைங்க, எல்லாரும் இப்படிக் கிடக்கணும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

 பிலோமினா மூச்சைச் சேர்த்துக்கொள்வது கேட்டது.

"தெரியும்ணே. நானும் இந்த ஊர்லதானே பொறந்தேன்? எங்களுக்கெல்லாம் அன்னைக்கே தெரியும். அக்கா இருமறது எங்க வீட்டுச் சுவத்துல கேட்கும். என்னைக்கும்னு கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். நீங்கதான் பாவம், அந்தப் பொய்யைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சீங்க."

ஏகாம்பரம் தரையில் உட்கார்ந்தபடியே கட்டிலைப் பார்த்தார். தலையணையில் அவள் தலை அழுந்திய பள்ளம் இன்னும் இருந்தது. காற்று அதன் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வருடம் ஆடலாம், இரண்டு வருடம் ஆடலாம். கால் ஓய்ந்துபோகும். அப்புறமும் இது இறங்கும். இந்தப் பள்ளம் போன பிறகும், பவுனம்மா என்ற பேர் இந்தச் சந்தில் யாருக்கும் தெரியாமல் போன பிறகும், தவறாமல் இறங்கும்.

"பிலோமினா" என்று கூப்பிட்டார். "எனக்கப்புறம் இந்தக் காத்தை யாரும்மா இழுக்கறது?"

சுவருக்கு அந்தப் பக்கம் பாய் லேசாகச் சரசரத்தது. எதிர் வீட்டு விரல்கூட ஒரு தாளம் தவறி நின்றது.

"அதை அப்ப பாத்துக்கலாம்ணே" என்றாள் அவள்.

விரல் மறுபடி தட்டத் தொடங்கியது. ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டில் காலைப் பிடித்து எழுந்தார். மறுமணி அடிக்க இன்னும் வெகு நேரம் இருந்தது.